மேல் வீட்டுக்கு வந்த விருந்தாளி

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில், ஒரு மருதமரம் நின்றது. சாதாரண மருதமரம் இல்லை, குழந்தைகளே! ஒரு யானை அதைச் சுற்றி வருவதற்குள் இரண்டு முறை நின்று பெருமூச்சு விடும். அவ்வளவு பெரிய மரம்!

அந்த மரத்துக்குள்ளே, வேரிலிருந்து உச்சி வரைக்கும், ஒரு பொந்து வழி போயிற்று. வெளிப்பக்கம் முழுவதும் முட்கொடி சுற்றியிருந்தது. தாவி வருவதற்குப் பக்கத்தில் வேறு மரமும் இல்லை. ஆகவே சிறகு இல்லாதவர்கள் மேலே போக வேண்டுமானால், வேர்களுக்கு நடுவே இருந்த ஒரே வாசலில் நுழைந்து, அந்தப் பொந்து வழியாகத்தான் ஏற வேண்டும்.

உள்ளே மூன்று வீடுகள். கீழ் வீட்டில் ஒரு தேவாங்கு இருந்தது. பகல் முழுக்கத் தூங்குவதுதான் அதற்கு வேலை. மேல் வீட்டில் ஒரு மரங்கொத்தியும் அதன் மனைவியும் இருந்தார்கள். பொழுது விடிந்தால் டொக் டொக், பொழுது சாய்ந்தால் டொக் டொக். அதனால் எல்லாரும் அதைக் கொத்தனார் என்றுதான் கூப்பிட்டார்கள். நடு வீட்டில் செம்பி என்ற மலை அணில், தன் இரண்டு குட்டிகளோடு இருந்தாள். செம்பி நல்லவள்தான். ஆனால் கோபம் மட்டும் எப்போதும் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

வாசலில் முள்ளன் என்ற முள்ளம்பன்றி காவல் இருந்தான். சொன்னதைச் சொன்னபடி செய்வான். கூடவும் செய்யமாட்டான், குறையவும் செய்யமாட்டான்.

அந்த மரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக யார் வந்தாலும் முள்ளன், "யார் வீட்டுக்கு?" என்று கேட்பான். வந்தவர் சொன்னதும் பொந்துக்குள் தலையை நீட்டி, "நடு வீட்டுக்கு ஒரு ஆளு!" என்று கத்துவான். பொந்துக்குள் அந்தக் குரல் கணீரென்று மேலே ஏறும். அந்த வீட்டிலிருந்து, "எங்க ஆளுதான், விடு!" என்று பதில் வந்தால்தான் உள்ளே விடுவான். பதில் வராவிட்டால், வந்தவர் சிங்கமே ஆனாலும் வெளியேதான் நிற்க வேண்டும்.

ஒருநாள் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. செம்பியின் அத்தை கையில் நாலு பலாச்சுளையோடு வந்து நின்றாள். முள்ளன் வழக்கப்படி கேட்டான், வழக்கப்படி கத்தினான். செம்பி அந்த நேரம் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே கண் அயர்ந்துவிட்டாள். பதில் வரவில்லை. அத்தை தொப்பலாக நனைந்துபோனாள்.

"ஏன்டி செம்பி, உன் வீட்டுக்கு வர நான் உத்தரவு வாங்கணுமா?" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள்.

அவ்வளவுதான்! செம்பி தடதடவென்று இறங்கி வந்தாள்.

"ஏன்டா முள்ளா! கையில பழத்தோட ஒருத்தங்க வந்து நின்னா விருந்தாளின்னு தெரியாதா? கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

"கேக்கணும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?" என்றான் முள்ளன்.

"சொன்னேன்தான்! இனிமே பழத்தோட வந்தா கேக்காதே. விட்டுடு!"

"சரிங்கக்கா" என்றான் முள்ளன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் ஆயிற்றே!

கீழ் வீட்டுத் தேவாங்கு இதைக் கேட்டது. மேல் வீட்டுக் கொத்தனாரும் கேட்டார். 'இது சரியில்லையே' என்று இருவருக்கும் தோன்றியது. ஆனால் இருவரும் வாயைத் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? அந்த மரத்தில் யாருக்கும் யாரோடும் பேச்சு இல்லை!

கொத்தனார் கொத்தக் கொத்த மரத்தூள் பறந்து செம்பியின் வாசலில் விழும். சத்தத்தில் குட்டிகள் உச்சிப்பொழுதுத் தூக்கம் கலைந்து அழும். செம்பி ஒருநாள் மேலே பார்த்து, "கொஞ்சமாவது அறிவிருக்கா?" என்று கத்தினாள். கொத்தனார் கீழே பார்த்து, "என் வீடு, நான் கொத்துவேன்!" என்றார். அன்றோடு அந்தப் பேச்சு நின்றது. செம்பி தின்றுவிட்டுக் கொட்டை ஓடுகளை எல்லாம் தேவாங்கின் வாசலில் தள்ளிவிடுவாள். தேவாங்கு ஒருநாள், "இது என்ன குப்பைமேடா?" என்று கேட்டது. "பகல்ல தூங்கறவங்களுக்கு வாசல் எதுக்கு?" என்று செம்பி கேட்டுவிட்டாள். அந்தப் பேச்சும் நின்றது.

இத்தனையையும் புதருக்குள் படுத்தபடி ஒரு மரநாய் கேட்டுக்கொண்டிருந்தது. பல நாள் பட்டினி. ஆனால் புத்தி மட்டும் கூர்மை.

'வாசலில் கேள்வி இல்லை. வீடுகளுக்குள் பேச்சு இல்லை. இதைவிட நல்ல மரம் எங்கே கிடைக்கும்?' என்று அது நினைத்தது. நினைத்ததும் அதற்கு வாயில் எச்சில் ஊறியது.

மறுநாளே ஒரு கொத்து நாவற்பழத்தை இலையில் வைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தது.

"வணக்கம் தம்பி. மேல் வீட்டுக்கு வந்திருக்கேன்" என்றது.

முள்ளன் பழத்தைப் பார்த்தான். கேட்க வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. ஆனால் கேட்காதே என்று சொல்லியிருக்கிறார்களே! நகர்ந்து வழி விட்டான்.

தேவாங்கு அரைக் கண்ணைத் திறந்து, "யாரு?" என்றது. "மேல் வீட்டுக்கு" என்றது மரநாய். தேவாங்கின் கண் மூடிக்கொண்டது.

நடு வீட்டு வாசலுக்கு எதிரே ஒரு சின்னத் திட்டு இருந்தது. மரநாய் அதில் வசதியாகச் சாய்ந்து, பழம் தின்ன ஆரம்பித்தது. செம்பி எட்டிப் பார்த்தாள்.

"வணக்கம்க்கா. மேல் வீட்டு விருந்தாளி நான். அவங்க வெளிய போயிருக்காங்க, வர்ற வரைக்கும் இப்படி உக்காந்திருக்கேன்."

செம்பிக்கு அந்த முகம் பிடிக்கவில்லை. 'மேலே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா?' என்று ஒரு கணம் தோன்றியது. 'அந்த ஆளோடு நான் பேசுவதா? செத்தாலும் மாட்டேன்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கொத்தனார் மேலிருந்து எட்டிப் பார்த்தார். மரநாய் குரலைத் தாழ்த்தி, "நடு வீட்டு அக்காவுக்குச் சொந்தம்ங்க" என்றது.

'அவளுக்கு ஏற்ற சொந்தம்தான்' என்று கொத்தனார் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பாருங்கள், குழந்தைகளே! மரநாய் மேலே இருப்பவரிடம் நடு வீட்டைச் சொன்னது. கீழே இருப்பவர்களிடம் மேல் வீட்டைச் சொன்னது. ஒரே ஒரு வார்த்தையில் உடைந்துபோகிற பொய் அது. அந்த ஒரு வார்த்தையைப் பேசத்தான் அங்கே ஆள் இல்லை!

இரண்டாம் நாளும் மரநாய் வந்தது. அன்று முள்ளன் வணக்கமே சொன்னான். செம்பி எப்போது ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போகிறாள், எவ்வளவு நேரத்தில் வருகிறாள் என்று அது கணக்காகப் பார்த்து வைத்துக்கொண்டது. சூரியன் உச்சிக்கு வரும்போது போவாள். அப்போது குட்டிகள் தனியாக இருக்கும். 'நாளைக்கு' என்று அது உதட்டை நக்கிக்கொண்டது.

மூன்றாம் நாள் வந்தது. சூரியன் உச்சிக்கு ஏறியது. செம்பி குட்டிகளைப் பஞ்சுக்குள் நன்றாகப் பொதிந்துவிட்டு வெளியே கால் வைத்தாள். வைத்த கால் சறுக்கியது! வாசல் முழுக்க நாவற்கொட்டை. திட்டு முழுக்க ஊதாக் கறை. செம்பி இரண்டு சுற்றுச் சுற்றி முகவாய் இடிபட விழுந்தாள்.

வந்ததே கோபம்!

"தின்னது உங்க விருந்தாளி, வழுக்கி விழறது நானா? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

ஆற்றுக்கு இறங்க வேண்டியவள் மேலே ஏறினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு முதல்முறையாக மேல் வீட்டு வாசலைத் தட்டினாள். வாசல் என்றால் என்ன? கொத்தனாரம்மாவின் தலையும் தோளும் நுழைகிற அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை. உள்ளே கொத்தனாரம்மா எதன்மேலோ உட்கார்ந்திருந்தாள். கொத்தனார் ஆகாயத்தைப் பார்த்த பின்வாசல் வழியே அப்போதுதான் பறந்து வந்திருந்தார்.

"உங்க விருந்தாளிக்குக் கொட்டையைத் துப்ப என் வாசல்தான் கிடைச்சுதா?" என்று கத்தினாள் செம்பி.

"எங்க விருந்தாளியா?" என்று கொத்தனார் அலகைப் பிளந்தார். "உன் சொந்தம்னு சொன்னானே!"

"என் சொந்தமா? உங்க வீட்டுக்கு வந்தேன்னு சொன்னானே!"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. செம்பிக்குத்தான் முதலில் நினைவு வந்தது.

'என் பிள்ளைகள்!'

கீழே எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் மரநாய் திட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. இன்று அதன் கையில் பழம் குறைவு. கண் மட்டும் பசியோடு மின்னியது. கழுத்தை நீட்டிச் செம்பியின் வீட்டுக்குள் முகர்ந்து பார்த்தது.

செம்பி பாயப் போனாள். கொத்தனார் அவள் வாலைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னார்.

"அவன் உன்னைப்போல மூணு மடங்கு இருக்கான். உன்னையும் சேர்த்துத் தின்னுடுவான்!"

"விடுங்க! என் பிள்ளைங்க ரெண்டும் அங்க தனியா இருக்கு!" செம்பி அடிக்குரலில் துடித்தாள்.

"பிள்ளைங்களா? உனக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்று கொத்தனாரம்மா திகைத்தாள். மறு நொடியே கிசுகிசுத்தாள். "எங்க வீட்டுக்கு வந்ததாத்தானே சொன்னான்? அப்போ எங்க வீட்டுக்கே கூப்பிடு. எனக்குக் கீழ மூணு முட்டை இருக்கு, அதைச் சொல்லு. இந்த ஓட்டையில அவன் மூக்கு மட்டும்தான் நுழையும். மூக்கை நான் பாத்துக்கறேன்!"

தன் முட்டைகளை வைத்துக்கொண்டு ஒருத்தி இப்படிச் சொல்கிறாள்! அதுவும் தன்னோடு பேசாத ஒருத்திக்காக! செம்பிக்கு நன்றி சொல்லக்கூட நேரமில்லை. குரலில் தேனைத் தடவிக்கொண்டு அழைத்தாள்.

"அடடே, விருந்தாளி! இன்னுமா வாசல்லயே நிக்கிறீங்க? மேல வாங்க! கொத்தனார் வீட்டுல எல்லாரும் வெளிய கிளம்பறாங்க. மூணு முட்டை இருக்காம். திரும்பி வர்ற வரைக்கும் நீங்கதான் பாத்துக்கணுமாம்!"

சொன்னதற்கு ஏற்றபடி கொத்தனார் பின்வாசல் வழியாகப் படபடவென்று சிறகடித்துப் பறந்தார்.

மரநாய் நிமிர்ந்தது. ஒரு பக்கம் குட்டி, ஒரு பக்கம் முட்டை. 'முதலில் முட்டை, இறங்கும்போது குட்டி. அணில் ஆற்றுக்குப் போகாமலா இருப்பாள்?' என்று அதன் ஆசை சொல்லிக்கொடுத்தது.

"மூணு முட்டைதானே? தெரியும்க்கா" என்று சொல்லிக்கொண்டே அது மேலே ஏறியது. குறுகலான வழியில் செம்பியை உரசிக்கொண்டு போகும்போது ஒரு நிமிடம் நின்றது. "உங்க குட்டி ரெண்டும் சௌக்கியமா? பெரியது நேத்து தும்மிச்சே, இன்னைக்குத் தேவலையா?"

செம்பிக்கு மயிர்க்கூச்செறிந்தது. "தேவலைங்க" என்று எப்படியோ சொன்னாள். அது ஓர் அடி மேலே போனதுதான் தாமதம், கீழே பாய்ந்தாள்!

ஒரு குட்டியை வாயில் கவ்வினாள். ஒரே ஓட்டமாகக் கீழ் வீட்டுக்கு வந்தாள். தேவாங்கின் வீட்டுக்கு மரப்பட்டைக் கதவு. பின்காலால் டம் டம் என்று உதைத்தாள்.

"யாரு?" என்று தூக்கக் குரல் கேட்டது.

வாயில் குட்டி! எப்படிப் பதில் சொல்வாள்? "ம்ம்ம்! ம்ம்ம்!" என்றாள்.

"செம்பிதானே? ஓடு கொட்டத்தானே வந்தே? கொட்டிட்டுப் போ. கதவை எதுக்கு உதைக்கறே?"

"ம்ம்ம்!" என்று செம்பி தவித்தாள். அந்த நேரம் பார்த்து வாயிலிருந்த குட்டி 'கீச்' என்றது.

கதவு திறந்தது. தேவாங்கின் பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின. அது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, "குடு" என்றது.

செம்பி குட்டியை அந்தக் கைகளில் வைத்துவிட்டு மறுபடி மேலே பறந்தாள். இரண்டாவது குட்டியைக் கவ்வினாள். அதே நொடியில் உச்சியிலிருந்து ஓர் அலறல்!

"ஐயோ! என் மூக்கு!"

மரநாய் ஓட்டைக்குள் மூக்கை விட்டிருக்கிறது. கொத்தனாரம்மா மரத்தைக் கொத்துகிற அதே வேகத்தில் அந்த மூக்கில் டொக் டொக் டொக் டொக் என்று போட்டிருக்கிறாள்! வலியும் ஆத்திரமுமாக மரநாய் உருண்டு புரண்டு கீழே வந்தது. நடு வீட்டுக்குள் கையை விட்டது. வெறும் பஞ்சு! இன்னும் கீழே பாய்ந்தது. செம்பியின் வால் நுனியில் அதன் மூச்சு சுடச்சுடப் பட்டது.

பட்டைக் கதவிலிருந்து ஒரு மெலிந்த கை நீண்டது. வாழ்நாளில் ஒருமுறைகூட அவசரப்படாத தேவாங்கு, அன்று செம்பியின் பிடரியைப் பிடித்து வெடுக்கென்று உள்ளே இழுத்தது. கதவைச் சாத்தி நாலு கைகால்களாலும் பற்றிக்கொண்டது. தேவாங்கு பற்றினால் பற்றினதுதான். மரநாய் பிறாண்டியது, முட்டியது. கதவு அசையவில்லை!

செம்பி குட்டியைக் கீழே விட்டுவிட்டு, கதவின் இடுக்கில் வாயை வைத்துக் கத்தினாள்.

"முள்ளா! அந்த ஆளு யார் வீட்டுக்கு வந்தான்னு கேளு!"

கீழே முள்ளனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"கேக்கலாமாக்கா?"

"கேளுடா!"

மூன்று நாளாக நாக்கில் துறுதுறுத்துக்கொண்டிருந்த கேள்வி! முள்ளன் மூச்சை நிறைத்துக்கொண்டு பொந்துக்குள் தலையை நீட்டினான். மரமே அதிர்ந்தது.

"யார் வீட்டுக்கு வந்தீங்க?"

"மே... மேல் வீட்டுக்கு" என்று மரநாய் திணறியது.

"மேல் வீட்டுக்கு ஒரு ஆளு!" என்று முள்ளன் முழங்கினான்.

"எங்க ஆளு இல்லே!" என்று உச்சியிலிருந்து இரண்டு குரல்கள் வந்தன. கொத்தனாரும் திரும்பி வந்துவிட்டார்!

"நடு வீட்டுக்குத்தான்! மாத்திச் சொல்லிட்டேன்!"

"நடு வீட்டுக்கு ஒரு ஆளு!"

"எங்க ஆளு இல்லவே இல்லே!" என்று செம்பி கத்தினாள்.

"கீழ் வீடு... கீழ் வீடு தம்பி!"

"இல்... லை" என்றது தேவாங்கு, தன் வழக்கமான நிதானத்துக்குத் திரும்பி.

முள்ளன் திரும்பினான். முள்ளை எல்லாம் சிலிர்த்துக்கொண்டு, பின்பக்கமாகப் பொந்துக்குள் ஏற ஆரம்பித்தான். மேலே அலகு, கீழே முள்! மரநாய் கண்ணை மூடிக்கொண்டு முள்ளனின் மேல் தாவி வெளியே விழுந்தது. வயிற்றில் ஏழு முள், வாலில் நாலு முள், மூக்கு வீங்கிப் பலாக்கொட்டை போல. ஆற்றில் குதித்து அக்கரை ஏறியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே அது தலைகாட்டவில்லை.

மரத்தில் சத்தம் அடங்கியது. முள்ளன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"நான் முதல் நாளே கேட்டிருக்கணும்க்கா."

"நீ எப்பவும் கேட்டுட்டுத்தான் இருந்தே. கேட்டவன் வாயை நான்தான் அடைச்சேன்" என்றாள் செம்பி. சொல்லும்போதே குரல் உடைந்தது. "மன்னிச்சுக்கடா முள்ளா. இனிமே என் அத்தை வந்தாலும் கேளு. மழை கொட்டினாலும் கேளு."

கொத்தனாரும் மெல்ல இறங்கி வந்தார். தேவாங்கின் கையில் சுருண்டிருந்த குட்டிகளைக் குனிந்து பார்த்தார்.

"பிள்ளைங்க தூங்கற நேரத்துலயா நான் கொத்திட்டிருந்தேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனேம்மா."

"நான் எங்கே சொன்னேன்? திட்டத்தான் செஞ்சேன்" என்றாள் செம்பி. "நீங்க முட்டைக்கு வீடு கட்டறீங்கன்னு எனக்கும்தான் தெரியாதே."

"எனக்கு ரெண்டுமே தெரியாது" என்றது தேவாங்கு.

ஒவ்வொருவருக்கும் ஒரே விஷயம்தான் உறைத்தது. மாதக்கணக்காக ஒரே மரத்தில் மேலும் கீழுமாக இருக்கிறார்கள். ஆனால் எந்த வீட்டில் எத்தனை குட்டி, எந்த வீட்டில் எத்தனை முட்டை, எந்தக் குட்டிக்குத் தும்மல் என்பதெல்லாம் தெரிந்தவன் அந்த மரத்தில் ஒரே ஒருவன்தான். அவன் மரநாய்!

செம்பிக்கு வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குட்டிகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இது பெரியவ, பேரு குன்றி. இது சின்னவன், பேரு பூவரசு" என்று சொல்லி, இரண்டையும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக் காட்டினாள்.

நீதி: பக்கத்து வீட்டாரோடு பேச்சை நிறுத்தாதே, வாசலில் கேட்கும் கேள்விக்குக் கோபப்படாதே.